மலைமுகட்டில் ஓர் இரவு

(அர்ச். இஞ்ஞாசியார் திருநாளுக்கு முந்திய ஞாயிறு பிரசங்கம்)



வருகிற ஜூலை 31-ம் தேதி அர்ச். இஞ்ஞாசியார் திருநாள். வருஷா வருஷம் இந்த நாளில் பம்ப்ளோனா கோட்டையையும், பீரங்கிக் குண்டால் முறிந்த காலையும், அவர் நோய்ப் படுக்கையில் வாசித்த அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தையும் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். ஆகையால் இந்த வருஷம் அந்தக் கதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்களை ஒரு மலைக்கு அழைத்துப் போக உத்தேசித்திருக்கிறேன். மலைக்கும் இஞ்ஞாசியாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போகப் போகத் தெரியும், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலி தேசத்துக்கும் சுவிட்சர்லாந்து தேசத்துக்கும் நடுவே, இரண்டுக்கும் மதில்போல, மோந்தே ரோசா என்ற பெருமலை நிற்கிறது. பெயரைக் கேட்டு ரோசாப்பூவை நினைக்க வேண்டாம். பனிக்கட்டி ஆறு என்று பொருள்படும் பழைய மலைநாட்டுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒற்றைக் கொம்பாய் நிற்கும் மலையுமல்ல. பல சிகரங்கள் ஒரே முகட்டில் கோத்து வைத்தாற்போல் இருக்கின்றன. அவற்றில் உயர்ந்தது துஃபூர் சிகரம்: 4,634 மீட்டர், அதாவது 15,200 அடி. அதற்குக் கூப்பிடு தூரத்தில், உயரத்தில் இரண்டு மீட்டர் மாத்திரம் குறைந்து நிற்பது கிழக்குச் சிகரம். ஜெனரல் துஃபூர் என்பவர் செஞ்சிலுவைச் சங்கத்தை ஸ்தாபித்த ஐவரில் ஒருவர். மற்றொருவர் ஹென்றி துனான். கிழக்குச் சிகரத்துக்கு 2014-ம் வருஷத்தில் துனானின் பெயரைச் சூட்டினார்கள். காயம்பட்டோருக்காக ஒன்றாய் உழைத்த இருவர் பெயரும் இப்போது ஒரே முகட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அதே மலையின் இன்னொரு சிகரத்துக்கு ஞிஃபெத்தி சிகரம் என்று பெயர். ஜொவானி ஞிஃபெத்தி என்பவர் அடிவாரத்திலுள்ள அலாஞா என்ற ஊரின் பங்குசுவாமியார். பலமுறை முயன்று தோற்று, 1842-ம் வருஷம் அதன் உச்சியில் முதன்முதல் கால் வைத்தவர்களில் முன்னின்றவர் அவர். பங்குசுவாமியாருக்கு மலையேற நேரம் ஏது என்று நீங்கள் கேட்டால், கோவில் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் நானும் அதையேதான் கேட்கிறேன்!

இந்த மலையின் கிழக்குப் பக்கம் மகா பயங்கரமானது. மக்குஞாகா என்ற இத்தாலிய கிராமத்துக்கு மேலே, ஏறக்குறைய 8,000 அடி உயரத்துக்குப் பனியும் பாறையுமாய்ச் சுவர்போல எழும்பி நிற்கிறது. காலைச் சூரியன் முதலில் விழுவது இந்தச் சுவரில்தான். பார்க்கிறவனுக்கு அது செக்கச் செவேலென்று கண்கொள்ளாக் காட்சி. ஏறுகிறவனுக்கோ அதுவே மரண பயம். ஏனென்றால் வெயில் பட்டதும் பனி இளகும். இளகின பனி மேலிருந்து மலைமலையாய்ச் சரியும். 1872-ம் வருஷத்தில்தான் முதன்முதல் மனிதர் இந்தச் சுவரேறி உச்சியை அடைந்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1881-ல், தமியானோ மாரினெல்லி என்ற இத்தாலியர் இரண்டு வழிகாட்டிகளோடு இதில் ஏறியபோது பனிச்சரிவு மூவரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வழிகாட்டிகளில் ஒருவன், 1872-ல் முதன்முதல் ஏறினவர்களுக்கு வழிகாட்டின அதே இம்செங் என்பவன். வழி தெரிந்தவனுக்கும் மலை இரங்கவில்லை. மாரினெல்லியின் பெயரால் அந்தச் சுவரின் அடிப்பாகத்தில் ஒரு குடில் கட்டினார்கள்.

அந்தக் குடிலில் 1889-ம் வருஷம் ஜூலை 29-ம் தேதி இராத்திரி நான்கு பேர் வந்து தங்கினார்கள். இருவர் குருக்கள், இருவர் மலைநாட்டார். மலைநாட்டாரில் ஜூசெப்பே காதின் வழிகாட்டி. அலெசியோ புரோமான் சுமை தூக்குகிறவர். குருக்களில் ஒருவர் லூயிஜி கிராசெல்லி சுவாமியார். மற்றவருக்கு அப்போது வயது 32. மிலான் நகரத்து அம்புரோசியார் புத்தகசாலையில் பழைய ஏட்டுப் பிரதிகளை ஆராயும் வேலை. மூக்குக்கண்ணாடி போட்ட புத்தகப் புழு என்று அவரைக் கண்டவர்கள் நினைத்திருப்பார்கள். ஆக்கில்லே ராத்தி என்பது அவர் பெயர். 33 வருஷம் கழித்து, 1922 பெப்ருவரி 6-ம் தேதி, அவரே 11-ம் பத்திநாதர் என்ற பெயரோடு பாப்பரசரானார்.

வெயில் ஏறுமுன் பனிச்சரிவு ஓடும் பள்ளத்தைக் கடந்துவிட வேண்டுமென்று, 30-ம் தேதி பொழுது விடிய வெகு நேரத்துக்கு முன்னமே நால்வரும் புறப்பட்டார்கள். ஒரே கயிற்றில் நால்வரும் கட்டுண்டு, பனிக்கோடரியால் வெட்டின படிகளில் ஒவ்வொரு அடியாய் ஏறினார்கள். பனியில் ஒரு படி வெட்ட எத்தனை நேரம்! அப்படி ஆயிரம் படி வெட்டுவதென்றால்! காலை போயிற்று, மத்தியானம் போயிற்று, சாயங்காலமும் போயிற்று. அவர்கள் கிழக்குச் சிகரத்தை எட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

இங்கேதான் என் மனம் நின்றுவிடுகிறது. யோசித்துப் பாருங்கள். பகல் முழுவதும் பாடுபட்டு வந்தாயிற்று. உச்சிச் சிகரம் இதோ, கண்ணுக்கெதிரே, கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. முகட்டின் வழியே போனால் எட்டிவிடலாம். நீங்களும் நானுமாயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? “இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சந்தானே, ஓடி முடித்துவிடுவோம்” என்றிருப்போம். அல்லது, “குளிர் தாங்கவில்லை, எப்படியாவது இறங்கிவிடுவோம்” என்றிருப்போம். அந்த நால்வரும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் இறங்கவில்லை. சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் பாறை விளிம்பைக் கண்டு, இருள் கவிந்தபின் ஓரடியும் வைப்பதில்லை என்று தீர்மானித்து, அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை அறிய, மலைமுகடு எப்படிப்பட்டதென்று நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வயல் வரப்பில் நடந்து பழகினவர்கள் உங்களில் பலருண்டு. வரப்பில் கால் தவறினால் சேற்றில் விழுவோம். எழும்பி வேட்டியை அலசிக்கொள்ளலாம். அந்த வரப்புக்கு இருபுறமும் ஆயிரக்கணக்கான அடி பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் முகடு. அதிலும் ஒரு கள்ளத்தனமுண்டு. காற்று ஒரு பக்கத்திலிருந்து ஓயாமல் வீசி, பனியை முகட்டின் மறுபக்கம் தள்ளித் தள்ளி, கூரை விளிம்பைப்போல் அந்தரத்தில் நீட்டி வைத்துவிடும். மேலே நின்று பார்த்தால் அகலமான நல்ல பாதை போலத் தெரியும். அடியிலோ ஒன்றுமில்லை, வெறும் ஆகாசம். பகலில் வந்தாலும், தேர்ந்தவன் அந்த அழகான மட்டத்தில் நடக்கமாட்டான். முகட்டுக்குச் சற்றுத் தாழ, காற்றடிக்கும் பக்கத்தில், சரிவிலே பாதம் பதித்துப் போவான். பார்வைக்கு அது ஆபத்து. உண்மையில் அதுவே பத்திரம்.

கயிற்றின் காரியமும் கேளுங்கள். கயிறு தளர்ந்து கிடந்தால் உதவாது. விழுகிறவன் வேகமெடுத்து மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போவான். விறைப்பாய், அடுத்தவன் காலடியை உணரும்படி இருக்கவேண்டும். கூர்மையான முகட்டில் ஒருவன் வலது பக்கம் விழுந்தால், கயிற்றின் மறுமுனையிலிருப்பவன் யோசிக்காமல் இடது பக்கம் குதிக்க வேண்டும் என்பது மலையேறுகிறவர்களின் வழக்கம். இருவரும் தராசுத் தட்டுகள்போல முகட்டின் இருபுறமும் தொங்கிப் பிழைத்துக்கொள்வார்கள். இதைச் செய்யக் கண் வேண்டும். இருட்டில் யார் எந்தப் பக்கம் விழுந்தான் என்று எப்படித் தெரியும்?

ஆகையால் நின்றார்கள். சுகமாய் நின்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த விளிம்பில் படுக்க இடமில்லை. உட்கார்ந்தால் கால்கள் பாதாளத்தின்மேல் தொங்கும். கொண்டுபோன காப்பி உறைந்து கட்டியாய்ப்போயிற்று. அந்தக் குளிரில் தூங்கினவன் பிறகு எழும்புவது நிச்சயமல்ல. நடு இராத்திரியில் எங்கேயோ ஒரு பெரும் பனிச்சரிவு இடிபோல முழங்கிக்கொண்டு இறங்கிற்று. இதையெல்லாம் ராத்தி சுவாமியார் பின்னால் இத்தாலிய ஆல்ப்ஸ் சங்கத்தின் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுத்தில் முறைப்பாடு ஒன்றுமில்லை. அந்த நட்சத்திரங்களையும் அந்த மவுனத்தையும் விட்டு வேறெங்காவது இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மலையேறுவது கழுத்தை முறித்துக்கொள்ளும் துணிகரமல்ல, விவேகமும் கொஞ்சம் தைரியமும் சேர்ந்த காரியம் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்துக்கு அந்த இராத்திரியைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இனி, பிரியமானவர்களே, மலையிலிருந்து மன்ரேசாவுக்கு வாருங்கள். அந்த இராத்திரி விடிந்தது எந்தத் தேதியில்? ஜூலை 31-ம் தேதியில், அர்ச். இஞ்ஞாசியார் திருநாளன்று. இதை நான் ஒரு புதுமை என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேதியைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால், இருளில் அடி வைக்காதே, நின்ற இடத்திலே நில் என்ற இதே புத்தியைத்தான் இஞ்ஞாசியார் தம் ஞானதியானப் புத்தகத்தில் ஒரு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார். ஆத்துமம் ஆறுதலற்று, இருண்டு, செபத்தில் ருசியற்று, எல்லாம் முடிந்துபோயிற்று என்று கலங்கும் வேளையில் எந்த மாறுதலும் செய்யக்கூடாது. வெளிச்சமான வேளையில் செய்த தீர்மானத்திலேயே உறுதியாய் நிற்கவேண்டும் என்கிறார். வெளிச்சமுள்ள வேளையில் நல்ல சம்மனசு ஆலோசனை சொல்லுகிறது; இருண்ட வேளையில் ஆலோசனை சொல்ல வருகிறவன் பசாசு என்பது அவர் காட்டும் காரணம்.

இதை அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதினாரென்று நினைக்கிறீர்களா? 1522-ம் வருஷம் மன்ரேசா என்ற ஊரில் அவர் தவம் செய்துகொண்டிருந்தபோது, பழைய பாவங்களைப் பற்றிய சந்தேகம் அவரைப் பிடித்து வாட்டிற்று. பாவசங்கீர்த்தனம் செய்தும் சமாதானமில்லை; திரும்பச் செய்தும் சமாதானமில்லை. அவர் தங்கியிருந்த அறையிலே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதில் குதித்துவிடு என்ற சோதனை மறுபடி மறுபடி வந்தது. அர்ச். இஞ்ஞாசியாருக்கா என்று கேட்காதீர்கள். ஆம், அவருக்கே. தாமே பிற்காலத்தில் தம் சீடரிடம் சொல்லி எழுதுவித்த சரித்திரத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். “ஆண்டவரே, உமக்கு மனஸ்தாபம் வருவிக்கும் காரியத்தைச் செய்யமாட்டேன்” என்ற கருத்தாய்க் கூவிக் கூவி அவர் அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றார். பிறகு விடிந்தது. அந்த விடியலை அவர் கண்டதனால்தான் சேசுசபை உண்டாயிற்று, அர்ச். சவேரியார் நம் கடற்கரைக்கு வந்தார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். நான் சொல்லப்போவது உதாரணம். இன்னார் வீட்டுச் சங்கதி என்று யாரும் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

ஒரு தகப்பன். கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. இராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். ஆயிரம் தடவை கூட்டினாலும் அதே தொகை. ஒரு மணிக்கு அவன் மனதில் ஒரு யோசனை உதிக்கிறது: ஊரை விட்டே ஓடிப்போவது. ஒரு தாய். கணவனோடு வாய்ச்சண்டை. விடியுமுன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தாய்வீடு போய், இனி திரும்புவதில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். ஒரு பிள்ளை. பரீட்சை முடிவு வந்தது, தவறிவிட்டது. வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து என்ன யோசிக்கிறது என்று எந்தத் தகப்பனாவது எழும்பிப் போய்ப் பார்த்தானா?

இவர்கள் மூவரும் முகட்டின் மேல் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் இவர்களே தகுந்த வழியைக் கண்டுகொள்வார்கள். கடனுக்குத் தவணை கேட்கலாம்; சண்டையைத் தீர்க்கப் பெரியவர்களுண்டு; பரீட்சையைத் திரும்ப எழுதலாம். ஆனால் இராத்திரி ஒரு மணிக்கு இந்த வழிகளில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. அகலமாய், மட்டமாய், அழைப்பதுபோல் ஒரே ஒரு பாதை தெரியும். அது அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பனி. கால் வைக்காதே!

எல்லாக் காரியத்துக்கும் விடியட்டும் என்று இருக்கச் சொல்லுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவ வேதனை கண்ட வீட்டில் விடியட்டும் என்று படுத்திருக்கிறவன் மூடன். அடி உதைக்குப் பயந்து இராத்திரியோடு இராத்திரியாய் அடைக்கலம் தேடி வருகிற பெண்ணைத் திரும்பிப் போ என்று சொல்லுகிறவனும் சர்வேசுரனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பாறை இடிந்து விழும்போது விளிம்பில் நிற்கச் சொல்லவில்லை. மனம் இருண்டிருக்கும்போது, அந்த இருளே சொல்லிக்கொடுக்கும் முடிவைத்தான் சொல்லுகிறேன்.

நிற்பது என்றால் சும்மாயிருப்பதுமல்ல. அந்த நால்வரும் தூங்கிவிடாமல், கால்களைத் தட்டித் தட்டிச் சூடேற்றி, ஒருவரையொருவர் விழிக்கச் செய்து நின்றார்கள். இஞ்ஞாசியாரும் அப்படியே, இருள் வேளையில் செபத்தைக் குறைக்காதே, கொஞ்சம் கூட்டு என்கிறார். செபமாலை சொல்ல மனமில்லையா? ஒரு பத்துமணியாவது அதிகமாய்ச் சொல்லு. இன்னொன்றும் சொல்லுகிறார், இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாய்ப்படுகிறது. சோதனையை இரகசியமாய் வைத்துக்கொள்ளும்படி பசாசு நம்மைத் தூண்டுவான். அதை ஆத்தும குருவிடமாவது ஞானமுள்ள வேறொருவரிடமாவது சொல்லிவிட்டால் அவன் வேலை பாதி கெட்டுப்போகும் என்கிறார். மலையில் நால்வருக்கும் ஒரே கயிறு இருந்தது. தனியாய் ஒருவன் அந்த விளிம்பில் இருந்திருந்தால் நடு இராத்திரிக்குள் தூங்கியிருப்பான்.

பெரிய வியாழன் இராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் ஜெத்சேமனித் தோட்டத்தில் தம் சீடரைப் பார்த்து விழித்திருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிப்போனார்கள். அந்த ஒரே இராத்திரியில் இரண்டு பேர் விழுந்தார்கள். யூதாஸ் காட்டிக்கொடுத்தான், இராயப்பர் மறுதலித்தார். இருவரும் மனம் கசந்தார்கள். யூதாஸ் வாங்கின காசைக்கூடத் திருப்பி எறிந்தான். வித்தியாசம் எங்கே? இராயப்பர் அழுதுகொண்டே போய் மற்றச் சீடர்களோடு சேர்ந்துகொண்டார். வெட்கத்தோடு, தலை குனிந்து, ஆனால் அவர்களோடு இருந்தார். யூதாஸ் தனியாய்ப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு எத்தனை மணி நேரம் பாக்கியிருந்தது? அது மட்டும் பொறுத்திருந்தால், உயிர்த்த ஆண்டவர் அவன் முகத்தையும் பார்த்திருப்பாரே!

இதைச் சொல்லும்போது, இப்படி ஒரு பிள்ளையையோ சகோதரனையோ இழந்துபோன வீட்டார் இந்தக் கோவிலில் இருந்தால், அவர்கள் மனம் புண்படலாமென்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தனியாய் ஒரு வார்த்தை. நான் அவர்களை நினைத்து யூதாசைச் சொல்லவில்லை. மனம் நோய்ப்பட்டு, பயத்தாலும் வேதனையாலும் மூளை கலங்கினவனுடைய பொறுப்புக் குறைகிறது என்று திருச்சபை போதிக்கிறது. அப்படி இறந்தவர்களின் இரட்சணியத்தைப் பற்றி நாம் அவநம்பிக்கைப்படலாகாது, சர்வேசுரன் தாம் மாத்திரம் அறிந்த வழியாய் அவர்களுக்கு மனஸ்தாபப்படச் சமயம் கொடுக்கக்கூடும் என்று 1992-ம் வருஷத்து ஞானோபதேச நூலிலும் சொல்லியிருக்கிறது. அவர்களுக்காகப் பூசை கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பெயரைச் சத்தமாய் வாசிக்க வேண்டாமென்றால் வாசிக்கமாட்டேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுகிறேன். பிள்ளை முகம் வாடியிருந்தால், அந்த இராத்திரி புத்திமதி சொல்லும் இராத்திரியல்ல. கூட இருங்கள். பாயை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் படுங்கள். பேச விரும்பினால் பேசட்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கிறார் என்பது போதும். இருள் நாள்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மனதுக்கு வைத்தியம் பார்ப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்கள், கால் முறிந்தால் மாத்திரம் ஏன் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்? கயிறு விறைப்பாயிருக்க வேண்டுமென்று சொன்னேனே. அடுத்தவன் காலடி நமக்குத் தெரிய வேண்டும். நம்மில் எத்தனை வீடுகளில் ஒரே கூரைக்குள் கயிறு தளர்ந்து கிடக்கிறது!

ராத்தி சுவாமியார் அந்த இராத்திரியை மறக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். 1920-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் போலந்து தேசத்தில் பாப்பரசரின் ஸ்தானாபதியாயிருந்தார். போல்ஷெவிக் சேனை வார்சா பட்டணத்தை நெருங்கிவிட்டது. மற்றத் தேசத்து ஸ்தானாபதிகள் பெரும்பாலும் மூட்டை கட்டிப் புறப்பட்டார்கள். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அந்தச் சேனை பட்டணத்துக்கு வெளியே முறியடிக்கப்பட்டது. பாப்பரசரான பிறகோ மலையெல்லாம் போயிற்று. இத்தாலிய அரசோடு 1929-ல் உடன்படிக்கை ஆகும்வரை வத்திக்கான் மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டியவரானார். முகட்டில் நடந்தவருக்கு ஏழு வருஷம் தோட்டத்து உலாத்தல்! 1922-ல் அவரே அர்ச். இஞ்ஞாசியாரை ஞானதியானங்களுக்குப் பாதுகாவலராக நியமித்தார். 1923-ல், ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கரைக் காத்த மென்தோன் ஊர் அர்ச். பெர்நார்து என்பவரை மலையேறுகிறவர்களுக்குப் பாதுகாவலராக்கினார். அதே 1923-ம் வருஷம்தான் தூத்துக்குடி மேற்றிராசனத்தை உண்டாக்கி, ரோச் ஆண்டகையை அதன் முதல் மேற்றிராணியாராக்கினார். அக்காலத்து இந்தியாவில் இலத்தீன் ரீதி மேற்றிராசனமொன்று சுதேச மேற்றிராணியார் கையில் ஒப்புவிக்கப்பட்டது அதுவே முதல். சுதேசக் குருக்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொன்னவர்கள் அன்று பலர். பகலில் எடுத்த தீர்மானத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த இராத்திரியின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜூலை 31-ம் தேதி காலை கிழக்கே வெளுத்தது. சமவெளிக்கு அப்பால் எழும்பின சூரியன், உலகத்தில் மற்றெவருக்கும் முன்னே அந்த நால்வர் முகத்தில் பட்டதுபோல் இருந்திருக்கும். விறைத்த கைகால்களை அசைத்து, கயிற்றைச் சரிபார்த்து, முகட்டின் வழியே நடந்து காலையிலேயே துஃபூர் சிகரத்தை அடைந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் உயிரைப் பணயம் வைத்து ஓடியிருக்கக்கூடிய தூரம், வெளிச்சத்தில் சாதாரண நடையாய் முடிந்தது. அதற்குப் பிறகு சும்ஸ்தைன் கணவாய் வழியாய் மறுபுறம் சுவிட்சர்லாந்துக்கு இறங்கினார்கள். மக்குஞாகாவிலிருந்து அந்தக் கணவாயை ஒருவரும் அதற்குமுன் கடந்ததில்லை.

வருகிற 31-ம் தேதி காலை 6 மணிக்கு அர்ச். இஞ்ஞாசியார் திருநாள் பூசை நடைபெறும். முந்தின நாள் மாலை 5 மணி முதல் கடைசி ஆள் போகுமட்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பகலில் வர வெட்கப்படுகிறவர்கள் இராத்திரியில் அறைவீட்டுக் கதவைத் தட்டலாம். வெளித்திண்ணையில் விளக்கு எரியும். மணி எத்தனையானாலும் பரவாயில்லை. நாய் குரைக்கும், கடிக்காது.